மோட்டார் சுத்துதா, ஹம்மிங் மட்டும் வருதா?

போன மாதம் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு அப்பா தோட்டத்திலிருந்து கூப்பிட்டார். பல்லடம் பக்கம் எங்கள் தோட்டம். நான் இருப்பது கோவையில், கணபதியில். "ஏஞ்சாமி, மோட்டாரு எடுக்கமாட்டீங்குது. சும்மா மொனகிட்டே கெடக்குது" என்றார். மெக்கானிக் நம்பர் என்னிடம்தான் இருக்கிறது என்பதால் நான்தான் அவரைக் கூப்பிட வேண்டும், இது எங்கள் வீட்டு ஏற்பாடு. கூப்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க்கா, மோட்டார் சுத்துதுங்களா, ஹம்மிங் மட்டும் வருதுங்களா?"

அப்பாவின் "மொனகுது" என் தலைக்குள்ளே ஒரு நொடியில் "ஹம்மிங்" ஆனது. "ஹம்மிங்தானுங்" என்றேன். "அப்ப உடனே ஆஃப் பண்ணச் சொல்லுங், காயில் போயிரும்" என்று அவர் பதறினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வாரம் என் மேசையில் ஒரு பம்பு கம்பெனியின் கையேடு கிடந்தது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கையேட்டின் நான்காம் பக்கத்தில், நன்றாக ஓடும் மோட்டார் மெல்லிய சீரான "ஹம்" எழுப்ப வேண்டும் என்று இருந்தது. பதினோராம் பக்கத்தில், கோளாறுப் பட்டியலில், மோட்டார் ஓடாமல் "ஹம்" மட்டும் செய்தால் என்ன பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஒரே சொல், ஒரு இடத்தில் ஆரோக்கியம், இன்னொரு இடத்தில் வியாதி. ஆங்கிலக்காரருக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. அவர்கள் ஊரில் ஒரு கடையோ ஆபீசோ "ஹம்" செய்கிறது என்றால் வியாபாரம் ஜோராக நடக்கிறது என்று அர்த்தம், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அப்படிச் சொல்லிவருகிறார்கள். நம்ம ஊரில் எந்த மெக்கானிக்கிடமாவது போய் "மோட்டார்ல ஹம்மிங் வருதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். சந்தோஷப்பட மாட்டார். மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சரை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். கையேட்டைத் தாமதமாகத்தான் கொடுத்தேன்.

முதலில் மோட்டார் ஏன் முனகுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எனக்கே அந்த வாரம்தான் ஒழுங்காகப் புரிந்தது. நம் கரண்ட் ஒரு நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. கரண்ட் ஓடும் சுருள் காந்தமாகி, உள்ளே இருக்கும் இரும்பை இழுக்கிறது. இரும்புக்கு வடதுருவமா தென்துருவமா என்ற பேதம் கிடையாது, எது வந்தாலும் இழுபடும். அதனால் ஒரு சுற்றுக்கு இரண்டு இழுப்பு, நொடிக்கு 100 இழுப்பு. அந்த 100தான் காதில் விழும் "ம்ம்ம்". அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே டிரான்ஸ்பார்மர் 120இல் பாடும். அதாவது நம்ம ஊர் டிரான்ஸ்பார்மரை விட அவர்கள் ஊர் டிரான்ஸ்பார்மருக்குச் சுருதி கொஞ்சம் ஜாஸ்தி, ஏறக்குறைய மூன்று ஸ்வரஸ்தானம். வெளிநாடு போய்வந்த சங்கீதக்காரர்கள் யாராவது இதைக் கவனித்திருக்கிறீர்களா?

நன்றாக ஓடும் மோட்டாரிலும் இந்தச் சத்தம் இருக்கும், ஆனால் காற்றாடிச் சத்தம், தண்ணீர்ச் சத்தம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும். மூன்று பேஸில் ஒன்று வராமல் போனால் சுழலவேண்டிய காந்தப்புலம் சுழலாமல் நின்ற இடத்திலேயே கூடிக் குறைந்துகொண்டிருக்கும். உள்ளே சுற்றவேண்டிய ரோட்டருக்கு இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா என்று தெரியாது. நடுவில் நின்று நடுங்கும். கரண்ட் மட்டும் கன்னாபின்னாவென்று ஏறும், சுருள் சூடாகும், கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாசம் வரும், அப்புறம் ரீவைண்டிங் செலவு. வீட்டு சீலிங் ஃபேன் கண்டன்சர் பலம் குறைந்தால் இதே கதைதான், ஸ்விட்சைப் போட்டால் நின்றுகொண்டே உம்மென்னும். குச்சியை எடுத்து இறக்கையை ஒரு தள்ளு தள்ளினால் அந்தப் பக்கமாகவே சுற்ற ஆரம்பித்துவிடும். எங்கள் ஹாஸ்டலில் ஒரு வருடம் முழுக்க அந்தக் குச்சி ஜன்னலோரம் சாத்தியே இருந்தது.

எங்கள் மோட்டார் கிணற்றடியில் நிற்கும், பம்போடு ஒன்றாகச் சேர்ந்த மோனோபிளாக் என்பதால் அப்பாவுக்குச் சத்தம் கேட்டது. போர் மோட்டாராக இருந்தால் எண்ணூறு அடிக்குக் கீழே அது முனகுவது யார் காதில் விழப்போகிறது? ஆம்பியர் மீட்டர் முள்ளைத்தான் பார்க்க வேண்டும். அன்றைக்கு டிரான்ஸ்பார்மரில் ஒரு பியூஸ் போயிருந்தது. மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

"ஹம்" என்ற ஆங்கில வினைச்சொல் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுத்தில் தலைகாட்டுகிறது, அப்போதைய வடிவம் "ஹம்மென்". வேறெந்த மொழியிலிருந்தும் கடன் வாங்கியதாகத் தெரியாத, சத்தத்தைக் கேட்டு வாயால் திருப்பிச் சொன்ன சொல். ஜெர்மன்காரர்களின் பழைய பேச்சிலும் "ஹும்மென்" இருந்தது, அவர்களுக்கு உடம்பெல்லாம் ரோமம் உள்ள பெரிய வண்டின் பேரே "ஹும்மெல்", டச்சில் "ஹொம்மெல்". ஆங்கிலத்திலும் அந்த வண்டுக்குப் பல நூற்றாண்டுகள் "ஹம்பிள் பீ" என்றுதான் பேர், டார்வின் 1859இல் எழுதியபோதும் அப்படித்தான் எழுதினார். பணிவான வண்டு என்று யாராவது மொழிபெயர்த்திருந்தால் பாவம், அந்த ஹம்பிளுக்கும் பணிவுக்கும் சம்பந்தமே இல்லை, அது உம்மென்கிற வண்டு. இன்றைக்கு எல்லோரும் சொல்கிற "பம்பிள் பீ" பிற்பாடு ஜெயித்த பேர்.

ஹம்மிங்பேர்டும் இதே வழிதான், இறக்கை அடிக்கும் சத்தத்துக்காக வந்த பேர், 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கரையில் இறங்கிய ஆங்கிலேயர்கள் வைத்தது. இதைச் சொல்லும்போதே ஒரு புகாரையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மாதம் ஒருவராவது செம்பருத்திச் செடியில் உட்கார்ந்திருக்கும் தேன்சிட்டைப் படம் பிடித்து "நம்ம பால்கனியில் ஹம்மிங்பேர்ட்!" என்று போடுகிறார்கள். ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர உலகில் எங்கேயும் கிடையாதுங்க. தேன்சிட்டுக்கே ஒரு குறையும் இல்லை, அதை அதன் பேரிலேயே கூப்பிடலாம்.

"ஹம்ட்ரம்" என்றால் சலிப்பூட்டும் ஒரே மாதிரியான வாழ்க்கை. 16ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது, "ஹம்" மேல் ஒரு எதுகையை ஏற்றிச் செய்த சொல். இதற்கு நமக்குத் தனிச்சொல் வேண்டாம், அரைத்த மாவையே அரைப்பது என்று சொன்னால் போதும், கிரைண்டர் சத்தமும் சேர்ந்தே வந்துவிடும்.

"ஹம்" செய்வதற்குப் பாட்டை வாய்மூடி இசைப்பது என்றும் ஒரு அர்த்தம். இங்கே ஒரு இடறல். ஆங்கிலத்தில் உதடு மூடியிருந்தால்தான் அது ஹம்மிங். நம் சினிமாப் பாட்டில் "ஹம்மிங்" என்று எதைச் சொல்கிறோம்? பாடகி வாயை நன்றாகத் திறந்து "ஆஆ" என்று இழுப்பதை, "லாலலா" போடுவதை, சொல்லே இல்லாத எல்லாவற்றையும். அப்படியென்றால் ஒரே ஆங்கிலச் சொல் தமிழுக்குள் இரண்டு வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது. ரெக்கார்டிங் தியேட்டர் வழியாக வந்தது இனிப்பு, லேத் பட்டறை வழியாக வந்தது கசப்பு. கோவைக்காரர்களுக்கு இரண்டாவதுதான் முதலில் பழகியிருக்கும் என்று நினைக்கிறேன். 1932இல் பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பித்ததும் மில்லுக்கும் கிணற்றுக்கும் கரண்ட் வந்தது, 1937இல் இங்கேயே மோட்டார் செய்தார்கள், அப்புறம் பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் என்று பட்டறை பெருகியது. வீட்டுக்கு ஒருவராவது மோட்டாரோடு சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கும் ஊரில் "காயில்", "பேரிங்", "ஹம்மிங்" எல்லாம் தமிழ்ச் சொல்தான்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஹம் செய்து பாருங்கள். இப்போதே. முடியாது. உதடு மூடியிருப்பதால் காற்று மூக்கு வழியாகத்தான் போகிறது, அதையும் அடைத்தால் இரண்டு நொடியில் சத்தம் செத்துவிடும். ம, ன, ங போன்ற மெல்லெழுத்துகள் மூக்கின் வளியிசையால் பிறப்பவை என்று தொல்காப்பியம் சொல்கிறது, அதற்கு இதைவிட எளிய செய்முறை வேறு இல்லை. காலையில் ரேஸ்கோர்ஸ் பக்கம் நடக்கப் போனால் காதைப் பொத்திக்கொண்டு உம்மென்று மூச்சுவிடும் ஆட்களைப் பார்க்கலாம், அது பிராமரி என்ற யோகா மூச்சுப்பயிற்சி, பிரமரம் என்றால் வண்டு. ஸ்வீடனில் 2002இல் இரண்டு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்ததில், சும்மா மூச்சு விடுவதைவிட இப்படி உம்மென்று விடும்போது மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்கு கூடியதாம். அதனால் சைனஸ் சரியாகிவிடும், சர்க்கரை இறங்கிவிடும் என்றெல்லாம் பார்வர்ட் போடுகிறவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

இந்த "ம்"ஐ மனதில் வைத்துக்கொண்டு தமிழ் வினைச்சொற்களைத் தேடினேன். ஒரு சாயங்காலம் பேப்பரும் பேனாவுமாக ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) உட்கார்ந்து எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. முரல், முனகு, முணுமுணு, உறுமு, குமுறு, பொருமு, விம்மு, செருமு, இருமு, தும்மு. எல்லாம் வாயும் மூக்கும் தொண்டையும் போடும் சத்தம், எல்லாவற்றிலும் ஒரு "மு" உட்கார்ந்திருக்கிறது. எல்லாமே சத்தத்தைப் பார்த்துச் செய்த சொல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் இத்தனை பேர் ஒரே வீட்டு முகச்சாயலோடு இருந்தால் ஒறம்பரையாகத்தான் இருப்பார்கள் என்று தோன்றாமலும் இல்லை. பழைய இலக்கியத்துக்குப் போனால் வண்டுக்கே "ஞிமிறு" என்று பேர். அது செய்யும் வேலை "இமிர்தல்". இரண்டையும் சேர்த்து "ஞிமிறு இமிர" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காதுக்குப் பக்கத்தில் ஒன்று வந்துவிட்டுப் போகும். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் வரும் "கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி"யை எல்லோருக்கும் தெரியும், சினிமா உபயம். அந்தக் கொங்கு என்பது பூந்தாது, தேன். நம் நாட்டுக்கும் அதனால்தான் இந்தப் பேர் என்று சொல்பவர்கள் உண்டு. சோமனூரில் தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்த என் தோழியிடம் நாமெல்லாம் தேன்நாட்டுக்காரர்கள் என்றேன். "என்னது?" என்றாள். தறிக்காரர் வீட்டில் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

கொசுவுக்கு மட்டும் "ம்" போதாது, "ஙொய்ங்" வேண்டும். அரிச்சுவடியில் "ங" வரிசைக்கு வேலையே இல்லை என்று குழந்தைகள் குறைப்பட்டுக்கொள்வார்கள். அந்த வரிசையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது கொசுதான். கொஞ்சம் நாமும். "வாங்", "சொல்லுங்", "ஆமாங்" என்று மரியாதையை மூக்கில் கொண்டுபோய் நிறுத்துகிற ஊர் இது. மற்ற ஊர்க்காரர்கள் "க"வை ஏன் முழுங்குகிறீர்கள் என்று கேட்கிறார்கள். முழுங்கவில்லைங், மீட்டிவிட்டு விடுகிறோம்.

நான் அசந்துபோன இடம் இனிமேல்தான் வருகிறது.

உதட்டை மூடினால் ஆங்கிலக்காரனுக்கு அது சத்தம். நமக்கு? "ஏன் உம்முனு இருக்கற?" என்றால் பேசாமல் இருக்கிறாய் என்று அர்த்தம். உம்மணாமூஞ்சி என்பவன் வாயே திறக்காதவன். "கம்முனு இரு" என்பது கொங்குநாட்டுக் குழந்தை அம்மா என்ற சொல்லுக்கு அடுத்தபடியாகக் கேட்கிற சொல், அதற்குப் பொருள் சத்தமே போடாதே. உம், கம் என்று நாம் காதில் வாங்கியது மூடிய உதட்டின் அமைதியை, அவர்கள் வாங்கியது அதே உதட்டுக்குப் பின்னால் ஓடும் ஒலியை. ஒரே வாய், ஒரே மூடல்.

அதோடு விடவில்லை. இந்தக் "கம்" இன்னொரு வேலையும் செய்கிறது. "கொழம்பு கம்முனு மணக்குது." மல்லிகை கமகமக்கிறது. இப்போது ஆங்கில அகராதியில் "ஹம்"மின் கடைசி அர்த்தத்தைப் பாருங்கள், பிரிட்டன் பேச்சுவழக்கில் ஒரு பொருள் "ஹம்" செய்கிறது என்றால் நாறுகிறது. துவைக்காத சாக்ஸ், கெட்டுப்போன மீன். காதுக்கான சொல்லை மூக்குக்குக் கொண்டுபோகலாம் என்று இரண்டு மொழிக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது, நாம் மல்லிகைக்குப் போனோம், அவர்கள் சாக்ஸுக்குப் போனார்கள். இதைக் கண்டுபிடித்த அன்று யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போல இருந்தது, இரவு பதினொன்றரைக்கு யாரிடம் சொல்வது. அதனால்தான் இந்தப் பதிவே.

இன்னொன்று, "ஊம் கொட்டுவது". எங்கள் அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, கதை சொல்லும்போது நாங்கள் ஒவ்வொரு வரிக்கும் "ஊம்" கொட்ட வேண்டும். பொடக்காளியில், வீட்டுக் கொல்லையில், கட்டிலைப் போட்டு, பொழுதோட ஆரம்பிக்கும் கதை. ஊம் நின்றால் கதை நின்றுவிடும். "தூங்கிட்டயா சாமி?" என்று ஒரு கேள்வி வரும், அவசரமாக ஒரு "ஊம்" போட்டால் தூங்கிவிட்டது உறுதியாகிவிடும். கேட்பவர் போடும் ஒலி என்றாலும் அது சொல்பவருக்கான பெட்ரோல். இது நம் ஊர்ச் சமாச்சாரம் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 17ஆம் நூற்றாண்டு லண்டன் சர்ச்சுகளில் பிரசங்கம் பிடித்துப்போனால் கூட்டம் கைதட்டாது, "ஹம்" செய்யும். பர்னெட் என்ற பாதிரியார் பேசும்போது கூட்டம் அவ்வளவு சத்தமாக, அவ்வளவு நேரம் ஹம் செய்ததாம், அவர் பேச்சை நிறுத்தி உட்கார்ந்து அதை ரசித்துக்கொண்டே கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டாராம். அவருக்குப் போட்டியாக இருந்த ஸ்ப்ராட் என்பவருக்கும் அதே ஹம் கிடைத்தது, அவரோ கையை நீட்டி, அமைதி, அமைதி, தயவுசெய்து அமைதி என்றாராம். ஸ்ப்ராட்டின் வாழ்க்கையை எழுதிய சாமுவேல் ஜான்சன் இதைக் குறித்துவைத்திருக்கிறார். எனக்குப் பர்னெட்டைத்தான் பிடித்திருக்கிறது. அம்முச்சி கட்சி.

இன்றைக்கும் இது ஒரு இடத்தில் உயிரோடு இருக்கிறது, நீங்கள் எதிர்பார்க்காத இடம். நீங்கள் இதைப் படிக்கும் இணையத்தின் விதிமுறைகளைத் தீர்மானிக்கும் ஐஇடிஎஃப் என்ற பொறியாளர் கூட்டமைப்பு ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. ராஜா வேண்டாம், ஜனாதிபதி வேண்டாம், ஓட்டும் வேண்டாம் என்று 1992இலேயே டேவிட் கிளார்க் என்ற கணினி விஞ்ஞானி சொன்னது அவர்களுக்குக் கொள்கை மாதிரி. அதற்குப் பதிலாக, இந்த யோசனை சரி என்பவர்கள் ஹம் செய்யுங்கள் என்று தலைவர் சொல்வார், அறையே உம்மென்னும். அப்புறம் சரியில்லை என்பவர்கள். எண்ண முடியாது, யார் செய்தார்கள் என்று கண்டுபிடிக்கவும் முடியாது, கத்தி ஜெயிக்கவும் முடியாது, ஏனென்றால் மூடிய வாயில் எவ்வளவுதான் சத்தம் வரும். சத்தம் எந்தப் பக்கம் அதிகம் என்பதோடு முடிவதுமில்லை, எதிர்ப்பக்கம் உம்மென்றவர்களின் ஆட்சேபணை என்ன என்று உட்கார்ந்து பேச வேண்டும். இதை விளக்க 2014இல் ஒரு தனி ஆவணமே போட்டிருக்கிறார்கள், எண் 7282. எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் இதைப் பரிந்துரைக்கலாமா என்று யோசித்தேன். அங்கே ஏற்கெனவே எல்லோரும் மூன்று பேஸில் ஒன்று போன மாதிரிதான் நிற்கிறோம்.

"ட்ரோன்" பற்றியும் ஒரு வரி. அது ஆண் தேனீயின் பேர். தேனீயிலிருந்து அதன் சத்தத்துக்கும் போனது, ஆளில்லா விமானத்துக்கும் வந்திருக்கிறது, இப்போது எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருக்கிறது. அதே தோட்டத்தின் கத்தரிப்பூவில் நீலக்கோட்டு வண்டு ஒன்று பூவைக் கட்டிப்பிடித்து இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் உப்பு டப்பா மாதிரி ஒரு சின்ன ஓட்டைக்குள் இருக்கிறது, குலுக்கினால்தான் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. அந்த நேரத்தில் பூவுக்குப் பக்கத்தில் காதை வைத்தால் ஒரு சின்ன "ம்ம்" கேட்கும், விட்டுவிட்டு. நின்ற இடத்திலேயே சுற்றாமல் அதிர்வது மோட்டாருக்குக் கேடு, கத்தரிக்காய்க்கு அதுதான் பிறப்பு. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அதுக்குத்தான் பூ எடுக்கற நேரத்துல மருந்து அடிக்காதடான்னு சொல்றது" என்று பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துச் சொன்னார். நான் சொல்ல வந்தது வேறு, பரவாயில்லை.

கையேட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன். நான்காம் பக்கத்துக்கு "சீரான ரீங்காரம்" என்று போட்டேன், எழுதும்போதே அது கொஞ்சம் புலவர் வீட்டு மோட்டார் மாதிரி இருந்தது, மாற்றி "மெல்லிய சீரான சத்தம்" என்று வைத்தேன். பதினோராம் பக்கத்துக்கு அப்பாவின் சொல்லையே எடுத்துக்கொண்டேன்: "மோட்டார் சுற்றாமல் முனகினால் உடனே அணைக்கவும்." எனக்கு அந்த வரி ரொம்பப் பிடித்திருந்தது. நோவு வந்த மாடு முனகும், காய்ச்சல்காரர் முனகுவார், முனகல் என்றாலே உள்ளே என்னமோ சரியில்லை என்று கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். ஆங்கில மூலத்திலேயே இல்லாத எச்சரிக்கை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

கம்பெனியிலிருந்து சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பினார். நான்காம் பக்கத்தில் ஒன்றும் தொடவில்லை. பதினோராம் பக்கத்தில் "முனகினால்" மேல் சிவப்புக் கோடு, ஓரத்தில் குறிப்பு: "மெக்கானிக்குகளுக்குப் புரியும் சொல்லாகப் போடவும். ஹம்மிங் சத்தம் வந்தால்." நம்ம மெக்கானிக்கைக் கூப்பிட்டு எது சரி என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானுங்க்கா. ஆனா அந்த பொஸ்தகத்த யாருங் படிக்கறாங்க?" என்றார்.

"ஹம்மிங்" என்றே மாற்றி அனுப்பிவிட்டேன்.